மூன்றாவது பாட்டின் குரல்

ரூக்சார் என்கிற பெயரை ஜெரூஷா முதலில் கேட்டது எபியின் வாயால். எபி ஜெரூஷாவின் சித்தி ரத்தினபாயின் இளைய மகன், சிறுசேரியில் வேலை. ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து அவளுடைய ஊரப்பாக்கம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், "எங்க ஆபீஸ்ல ரூக்சார்னு ஒரு பொண்ணு. ஈரவெயில்னா உயிர விடுறா. உன்னவிடக் கிறுக்குக்கா" என்றான். அந்த 'உன்னவிட' மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

ஈரவெயில் என்பது இரண்டு பேர். கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டுகிறவர்கள். நாலு பேருக்குத் தெரியாத காலத்திலேயே அவர்களைக் கண்டுபிடித்தவள் ஜெரூஷா. ரசிகர்களுக்கு வாட்ஸப் குழு தொடங்கியது அவள். புது ஆல்பம் வந்தால் யாரும் தனியாகக் கேட்கக் கூடாது, அன்று சாயங்காலம் அவள் வீட்டில் கூடித்தான் கேட்கவேண்டும் என்று வழக்கம் வைத்ததும் அவள்தான்.

ரூக்சார், தாம்பரம் மார்க்கெட்டில் பை விற்கும் கடை வைத்திருக்கும் சௌகத் அலியின் கடைக்குட்டி. மூத்தவள் ஷபீனாவை ஆம்பூரில் கொடுத்திருக்கிறார்கள். இவள் அத்தாவின் கடையில் பில் போட்டுக்கொண்டே படித்து வேலைக்குப் போனவள். பாட்டுகளைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுதுவாள். எபி குழுவில் சேர்த்துவிட்ட கொஞ்ச நாளிலேயே ஜெரூஷாவிடம் கேட்டதையெல்லாம் ஜனம் அவளிடம் கேட்க ஆரம்பித்தது.

புது ஆல்பம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஈரவெயில் பாட்டுகளின் லிங்க்கை அனுப்பியது. ரூக்சாருக்கு வந்தது. ஜெரூஷாவுக்கு வரவில்லை.

விமர்சனங்கள் வரத் தொடங்கின. ஒரு பத்திரிகை மூன்று நட்சத்திரம் போட்டதும் சேலையூர் பாலு குழுவில் குரல் பதிவு போட்டான்: "மூணு ஸ்டாரா? அந்தாளு காதுல பஞ்சு வச்சுகினு கேட்டானா?" அப்புறம் ரூக்சார் எழுதியது வந்தது. மூன்றாவது பாட்டுதான் ஆல்பத்தின் உயிர் என்றிருந்தாள். அதற்கு விழுந்த இதயங்களை எண்ணப் பிடிக்காமல் ஜெரூஷா குழுவில் தட்டினாள்: "எனக்கும் லிங்க் வந்துச்சு. மூணாவது பாட்டு இழுவை. பாடின குரலே சரியில்ல."

அடுத்த நிமிஷம் ரூக்சார் போன் செய்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவதுல குரலே கெடையாது, வெறும் மியூசிக்தான். எல்லாரும் கேக்குறப்போ தெரியட்டும்னு நான் எழுதல. அத அழிச்சிடுங்களேன்."

தாம்பரம் ஸ்டேஷன் படியில் கூட்டம் இடிக்க நின்று ஜெரூஷா அழித்தாள். எல்லாருக்கும் அழிப்பதற்குப் பதில் தனக்கு மட்டும் அழித்துவிட்டாள். அவள் போனில் சுத்தமாகத் தெரிந்தது. நிம்மதியாக ரயில் ஏறினாள்.

ஆல்பம் வந்த அன்று வழக்கம்போல வீடு நிறைந்தது. மூன்றாவது பாட்டு ஓடி முடிந்தது, அதில் குரலே இல்லை. பாலு போனைத் தூக்கிக் காட்டினான். "யக்கா, குரல் சரியில்லன்னு எழுதிகீற. குரலு எங்க கீது?"

எபி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். அழிந்தது தன் போனில் மட்டும்தான் என்று ஜெரூஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரூக்சார்தான் வாய் திறந்தாள். "எங்களுக்கு வந்ததுல குரல் இருந்துச்சு பாலு அண்ணா. அப்புறம் எடுத்துட்டாங்க."

"அப்டியா? நல்ல வேலை பண்ணாங்க" என்று பாலு போனை இறக்கினான்.

டீ எடுக்க ஜெரூஷா சமையலறைக்குப் போக, ரூக்சாரும் பின்னால் வந்தாள். "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றாள் ஜெரூஷா.

"உங்க வீட்ல வச்சே உங்கள எப்படிக்கா விட்டுக்குடுக்கிறது?"

நன்றி வந்திருக்கவேண்டும். வந்தது எரிச்சல். பொய்யைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்கிறாளே. இனி இவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பட்ட கடனைத்தானே பார்க்கவேண்டும்? அதற்கு அவமானமே மேல் என்று தோன்றியது.

கூடத்திலிருந்து பாலு கத்தினான்: "யக்கா, அடுத்த தபா நீயும் ரிவ்யூ எழுது."

ஜெரூஷா டீத்தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "எனக்கு எந்த லிங்க்கும் வரல பாலு. நான் சொன்னது பொய். இவ சொன்னதும் பொய்."

எபி, "டீ ஆறுதுக்கா" என்றான். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நாலாவது பாட்டைப் போட்டவள் ரூக்சார்.

ரூக்சார் இப்போது பெருங்களத்தூரில் அத்தா வீட்டில் இருக்கிறாள், சிறுசேரிக்கு வேலைக்குப் போய்வருகிறாள், அந்தக் குழுவுக்கு இரண்டாவது அட்மினாக இருக்கிறாள்.