மாலைக் காப்பகத்துக்காக ஹெர்மினியா

ஹெர்மினியா அரியோலா சின்ன வயதிலேயே பீச் பழம் அடுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசியே அவள் குரல் பெரிதாகிவிட்டது. நாற்பதை நெருங்கும்போது ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்தது தன் பிடிவாதத்தால். படிப்பு தடைபடாமல் ஓடியது, ஏழை மாணவர்களுக்கென்று கலிஃபோர்னியா அரசு தரும் பணத்தால். புத்தகம், பஸ் பாஸ், எல்லாவற்றுக்கும் மேலாக மாலைக் காப்பகம். மகள் ஷிமேனாவை அங்கே விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். கணவன் பாதி நாள் லாரியோடு வெளியூரில் இருப்பான்.

கடைசிப் பருவத்தின் நடுவில் காப்பகத்தை மூடப்போவதாகக் கல்லூரி நிர்வாகக் குழு அறிவித்தது. மாநிலம் பணத்தைக் குறைத்துவிட்டதாம். காப்பகம் இல்லையென்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் மறுபடியும் பீச்.

குழுவின் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். அன்று கூட்டம் நெரிந்ததால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார் குழுத் தலைவர் லண்ட்க்விஸ்ட். மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவர்களுக்கு மட்டும் இரட்டிப்பு நேரம். அது சட்டம், அவரால் கை வைக்க முடியாது.

வரிசையில் நின்ற ஹெர்மினியா, பின்னால் நின்ற செனைதாவை இழுத்தாள். அதே கல்லூரியில் படிக்கும் செனைதா, ஷிமேனாவுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கொமாத்ரே, நான் ஸ்பானிஷ்ல பேசறேன். நீ இங்கிலீஷ்ல சொல்லு."

"நீதான் இங்கிலீஷ்லயே சண்டை போடுவியேடி!"

"இன்னிக்கு மறந்துபோச்சு."

மேடையேறி மைக்கின் முன் நின்று ஸ்பானிஷில் தொடங்கினாள். "உங்க காருங்களுக்கு நிழல் கூரை போடக் காசு இருந்துச்சு. எங்க பிள்ளைங்களுக்கு ஒரு அறை தர இல்லையா? வெட்கமா இல்ல?"

செனைதா குழுவினரின் முகங்களைப் பார்த்தாள். மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள்: "கார் கூரை நல்லா இருக்குங்கறாங்க. பிள்ளைங்களையும் கொஞ்சம் மனசுல வெச்சுக்கணுமாம்."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? வெட்கமா இல்லையான்னு கேட்டேன்!" என்று ஹெர்மினியா கத்தியது சுத்தமான ஆங்கிலத்தில்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. லண்ட்க்விஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுது."

"தெரியும் சார். ஒரு நிமிஷத்துல என் வாழ்க்கையைச் சொல்லத்தான் தெரியாது."

"உங்க நேரம் முடிஞ்சுது." மைக் அணைந்தது.

அணைந்தால் என்ன? பெல்ட் இரைச்சலையே வென்ற குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போனது. காப்பக அறையை மூடமாட்டோம் என்று சொல்லும்வரை தான் நகரப்போவதில்லை என்றாள். காவலாளி வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் இறங்கினாள். அதுவும் நடந்தே இறங்கினாள், அவர் கை மேலே படவிடவில்லை.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில், அந்த வாரக் கடைசியோடு காப்பகத்தை மூட முடிவானது.

வெளியே செனைதா கண்ணைத் துடைத்தாள். "என்னாலதான் கொமாத்ரே. பயந்துட்டேன்."

"போடி. நீ ஒழுங்காச் சொல்லியிருந்தாலும் இவங்க மூடியிருப்பாங்க. திங்கட்கிழமை உனக்கு வகுப்பு இல்லையே?"

திங்கட்கிழமை மாலை கல்லூரி முதல்வரின் அலுவலக முன்கூடத்துக்குப் பிள்ளைகளோடு பல பெண்கள் வந்தார்கள். சோபாவில் ஷிமேனா, கம்பளத்தில் வண்ணப் பென்சில்கள், நடுவில் காலை நீட்டி உட்கார்ந்த செனைதா.

செயலாளர் பதறினார். "இங்கே குழந்தைங்களை விடக்கூடாதும்மா!"

"விடற இடத்தைத்தான் மூடிட்டீங்களே. இது திறந்திருக்கு," என்றாள் ஹெர்மினியா.

"முதல்வர்கிட்ட என்ன சொல்றது?"

"ஒன்பது மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவோம்னு சொல்லுங்க. நாளைக்கும் வருவோம்னும் சொல்லிடுங்க."

"நான் பாத்துக்கறேன், நீ போ," என்றாள் செனைதா. இந்த முறை அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

ஹெர்மினியா மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். அன்று ஊசி போடும் தேர்வு. நேரமாகிவிட்டதால் ஓடினாள்.