டில்லிபாபுவின் நான்கு பெட்டிகள்

டில்லிபாபு இறந்து நாளையோடு ஒரு வருடம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் அவன் நெட்வொர்க் பார்த்தான், நான் ஸ்டோர்ஸ். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பதினோரு வருடம் குன்றத்தூர் பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போய்வந்தோம்.

உற்பத்தி லைனை ஒட்டிய அறையில் ஒரு ரேக். அதில் லைனின் கம்ப்யூட்டர்களையும் ஸ்கேனர்களையும் இணைக்கும் நான்கு நெட்வொர்க் ஸ்விட்சுகளை அடுக்கி, பின்பக்கம் கேபிளால் கோத்திருந்தார்கள். ஒன்று மாஸ்டர், மற்ற மூன்றும் அது சொல்வதைக் கேட்கும். நான்கும் பழசு. உள்ளே சுற்றும் ஃபேனின் சத்தம் மாறினால் டில்லி கதவருகிலேயே நின்றுவிடுவான்.

"மூணாவது இருமுது ஜாஸ்மின். ஒரு ஃபேன் எடுத்து வை."

இப்போதும் அந்த அறையைத் தாண்டும்போது என் கால் ஒரு நொடி தயங்குகிறது.

வருடக்கணக்கில் அணையாமல் ஓடிய பெட்டிகள். அணைத்தால் திரும்ப எழுமா என்பது நிச்சயமில்லை. ஆயுத பூஜையன்று எல்லா மிஷினையும் நிறுத்திப் பொட்டு வைப்பது வழக்கம் என்பதால், அன்று மட்டும் ரேக்கை விட்டு நகர மாட்டான். சந்தனம் வெளிக்கதவோடு சரி.

நான்கு வருடத்துக்கு முந்தைய பூஜையில், எனக்கும் சேர்த்துச் சுண்டல் வாங்கக் கேன்டீனுக்குப் போனான். திரும்பி வந்தபோது அறையில் சத்தமே இல்லை. எலெக்ட்ரிகல் முனிரத்தினம் அறையின் கரண்ட் பிரேக்கரை இறக்கியிருந்தார்.

"இன்னாண்ணா பண்ணிகினு கீற?"

"வருஷம் பூரா ஓடுது, அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாவா? நீ மட்டும் சுண்டல் துண்ற."

பிரேக்கரை ஏற்றினார். மூன்று எழுந்தன. மாஸ்டர் எழவில்லை. இரண்டாவது பெட்டி அதன் பொறுப்பை எடுத்துக்கொண்டது. ஆனால் லைனின் ஸ்கேனர்கள் எல்லாம் செத்த பெட்டியில் செருகியிருந்தன. மற்றவற்றில் இடமில்லை. மூன்று மணிக்கு இரண்டாம் ஷிப்ட். ஸ்கேன் ஆகாமல் ஒரு பாகமும் நகராது. முனிரத்தினத்துக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

ஸ்டோரிலிருந்த ஸ்பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முனிரத்தினம் அதைப் பிடுங்கி நேராகக் கரண்ட் கொடுக்கப் போனார். டில்லி அவர் கையைத் தட்டிவிட்டான்.

"கரண்ட் கடைசிலண்ணா! உயிரோட உள்ள பூந்துச்சுனா நான்தான் மாஸ்டர்னு இது குந்திக்கும். இதுக்கு ஒண்ணும் தெரியாது. மத்த மூணும் இதப் பாத்து எல்லாத்தையும் மறந்துடும்."

"நம்ம புது மேனேஜர் மாதிரி," என்றேன். வியர்வையோடு முனிரத்தினமும் சிரித்துவிட்டார்.

முதலில் பின்பக்கக் கேபிள், பிறகு ஸ்கேனர் வயர்கள், கடைசியில் கரண்ட். ஸ்பேரிலும் மற்றவற்றிலிருக்கும் அதே சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டோருக்கு வந்து பார்த்துவிட்டுப் போவான். அந்தப் பழக்கம்தான் அன்று கைகொடுத்தது. வெளியே ஷிப்ட் பஸ்கள் திரும்பும் சத்தம். பெட்டி எழ எட்டு நிமிடம் ஆயிற்று. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மூன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது முதல் ஸ்கேனர் கத்தியது.

ஆனாலும் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். டில்லி எழுதினான்: "பூஜைக்காக அணைக்கப்பட்டது. அணைக்கக் கூடாது என்று பிரேக்கரில் எழுதி ஒட்டாதது என் தவறு." முனிரத்தினத்தின் பெயர் எங்கும் இல்லை. மெமோ டில்லிக்கு வந்தது. அந்த வருடப் பிரமோஷனும் போயிற்று.

"யார்டா உன்ன கேட்டது?" கேன்டீனில் முனிரத்தினம் கத்தினார்.

"நீ பூட்டா, கரண்ட் போசொல்ல நான் யாரண்ணா திட்றது?"

போன மாதம் முனிரத்தினம் முழு சர்வீஸ் முடித்து ரிட்டையர் ஆனார். விழாவில் போட்ட மாலையோடு நேராகக் குன்றத்தூர் போய், அதை டில்லியின் படத்துக்குப் போட்டாராம். டில்லியின் மனைவி ஜோதி சொன்னாள். ஹாலில் ஃபேன் ரெகுலேட்டர் கெட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்து மாட்டிவிட்டுத்தான் கிளம்பினாராம்.