மூன்று சுற்றில் நின்ற நிப்பிள்

எனக்கு அந்தக் காலத்தில் வாய் கொஞ்சம் நீளம். கள்ளக்குறிச்சி கடைவீதியில் பைப்பும் பம்ப்செட் சாமான்களும் விற்கிற கடை வைத்திருந்தேன். எந்த இரும்புத் துண்டை மேஜைமேல் வைத்தாலும் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்வேன். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைத்தது. அதனால் யாராவது ‘நல்லா பாருங்க’ என்று சொல்லிவிட்டால் போதும், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ரோடுகளில் மறியல் நடந்த சமயம். மறுநாள் காலையிலிருந்து பஸ் ஓடாது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சாயங்காலமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அப்போது குனிந்து உள்ளே வந்தார் கிணறு வெட்டுகிற ஒருவர். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் தம்பியோடு சேர்ந்து ஒரு கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். பாறையில் வெடி வைப்பதற்குக் காற்றில் ஓடும் மிஷினால் துளை போட வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து வருகிற ஓஸை அந்த மிஷினோடு சேர்க்கும் குட்டைக் குழாய், நிப்பிள், உடைந்துவிட்டது. உடைந்த துண்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

ஸ்கேலை வைத்து அதன் மரையை, திருகுப் பற்களை, எண்ணினேன். அங்குலத்துக்குப் பதினாலு பல். விட்டமும் ஒத்துவந்தது. பற்களின் நுனி தட்டையாக இருந்தது என் கண்ணில் படாமல் இல்லை. தேய்மானம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, முக்கால் இஞ்ச் நிப்பிள் ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டேன்.

அவர் அதை எடுக்கவில்லை. “இந்தப் பழச ஒரு சாக்கெட்ல பூட்டிப் பாத்துடலாங்களா பாய்? மிசினு மிலிட்டரி ஏலத்துல எடுத்ததுங்க.”

“இன்னாய்யா, மரை பாக்கறதுக்கு எனக்கே சொல்லித் தரியா? சணல் சுத்தி, ஒயிட் லெட் தடவி நல்லா முறுக்கு. புடிச்சிக்கும். போ, பஸ்ஸு போயிடப் போவுது.”

மரை சந்தேகமாக இருந்தால் சணல் சுற்றி, ஒயிட் லெட் என்கிற வெள்ளைப் பசையைத் தடவி முறுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர்க் குழாய்க்கு அது போதும். மிஞ்சிப் போனால் சொட்டும். காற்று அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சலில் அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கடைவீதியில் ஈ காக்கை இல்லை. கணக்குப் பார்க்கவும் மனம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் அவர் விட்டுப்போன அந்த உடைந்த துண்டு கிடந்தது. பொழுது போகாமல் மரை பார்க்கும் கேஜை, ஓரத்தில் பல் வெட்டிய அந்தத் தகட்டை, எடுத்து அதன்மேல் வைத்து வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பற்கள் ஒவ்வொன்றும் கேஜின் பள்ளங்களில் உட்கார்ந்தன. ஆனால் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது.

உள்பக்கம் மரை வெட்டிய ஒரு சாக்கெட்டில் அதைப் பூட்டினேன். மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போய் நின்றுவிட்டது. நம் ஊர் நிப்பிளை அதே சாக்கெட்டில் பூட்டினால் ஐந்தாவது சுற்றுவரை போனது. மிலிட்டரி ஏலத்தில் வந்த மிஷின், இது அமெரிக்க மரை. முக்கால் இஞ்சில் இரண்டுக்கும் பல் எண்ணிக்கை ஒன்றுதான், பல்லின் சாய்வுதான் வேறு. நான் கொடுத்த நிப்பிளும் அந்த மிஷினில் இப்படித்தான் நிற்கும், மூன்று சுற்றில் இறுகும்போது சரியாகப் பொருந்திவிட்டது போலவே கைக்குத் தோன்றும்.

அந்த ஓஸ் காற்றோடு கழன்றால், இரும்பு முனையோடு கிணற்றுக்குள் சாட்டை மாதிரி வீசும். கீழே அவரும் அவர் தம்பியும். ஒதுங்க இடம் கிடையாது. பத்து மணிக்கு வேலை ஆரம்பம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மணி எட்டரை.

உடைந்த துண்டையும் சாக்கெட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். முதல் இரண்டு இடத்தில் ரோட்டை மறித்து வெட்டிப்போட்ட மரங்களுக்கு அடியில் சைக்கிளைப் படுக்கவைத்து இழுத்துப் போனேன். மூன்றாவது இடத்தில் ஒரு பெரிய புளியமரம். ஏழெட்டுப் பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் கோடாலி.

“எங்க பாய் போய்க்கினு இருக்கீங்க? ஒருத்தரையும் வுடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க.”

விஷயத்தைச் சொன்னேன். கோடாலி வைத்திருந்தவர் நம்பவில்லை. “ஒரு நிப்பிளுக்காவ இம்மாந்தூரமா? போலீசுக்குச் சேதி கொண்டுபோறீங்களா?”

வேறு நாளாக இருந்தால் சண்டைக்கு நின்றிருப்பேன். அன்று கும்பிட்டேன். பையிலிருந்து இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்து, “நீங்களே பூட்டுங்க” என்றேன். அவர் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. இன்னும் அழுத்தித் திருகினார். அசையவில்லை.

“மிசினுக்குள்ள இவ்ளோதான் புடிச்சிருக்கும். கீழ ரெண்டு பேரு இருக்காங்க.”

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒவ்வொரு நிமிடமும் யுகமாக இருந்தது. “எங்க மாமனும் கெணத்து வேலதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, என் சைக்கிளை அவரே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி வண்டிப்பாதையில் திரும்பியபோதே கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கரும்புக் கொல்லை வழியாக ஓடினேன். “நிறுத்து, நிறுத்து” என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கம்ப்ரஸர்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிக் கையைக் காட்டினேன். அவர் நிறுத்தி, ஓஸில் மிச்சமிருந்த காற்றை வெளியே திறந்துவிட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தேன். கல்தூசிக்குள் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மிஷினைக் கயிற்றில் மேலே இழுத்தார்கள். நிப்பிளைச் சுற்றி ஒயிட் லெட் கொப்புளம் கொப்புளமாகப் பிதுங்கியிருந்தது. ரெஞ்சு போட்டு லேசாக அசைத்தேன். சணலோடு கையில் வந்துவிட்டது.

கிணறு வெட்டுகிறவர் ஏணியில் ஏறி வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தார். “தப்பு என் மேலதான்யா. மரை வேற. நான்தான் பாக்காம குடுத்துட்டேன்” என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“பூட்டும்போதே தெரிஞ்சிதுங்க” என்றார், முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டே. “மூணு சுத்துலயே நின்னுபோச்சி. தம்பி கூட வேணாம்னான்.”

“தெரிஞ்சுமா கீழ எறங்கின?”

“நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்களே பாய். எனக்குத்தான் தெரியலையாக்கும்னு எறங்கிட்டேன்.”

நான் வரப்போரம் போய் உட்கார்ந்து அழுதேன். அவர்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.