துத்தநாகத் தொட்டிக்கு ஒரு சாண் மேலே

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜொகூர் தம்போயில் இரும்புச் சாமான்களுக்குத் துருப் பிடிக்காமல் துத்தநாகப் பூச்சு போடும் தொழிற்சாலையில் நடந்தது இது. நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அங்கே பஸ் நீளத்துக்கு ஒரு தொட்டி. நானூற்றைம்பது டிகிரி சூட்டில் துத்தநாகம் வெள்ளிக் குழம்பாகத் தளதளக்கும். கொஞ்சம் ஈயமும் உண்டு. கனம் அதிகமென்பதால் அடியிலேயே தங்கிவிடும். கேட், வேலிக்கம்பம் எல்லாம் கிரேனில் தொங்கியபடி உள்ளே முங்கிப் பளபளவென்று எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது!

வரும் சாமான்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. குழாயில் செய்த எதிலும் காற்று வெளியேறத் துளை இருக்க வேண்டும். முழுக்க அடைத்த குழாயைத் தொட்டிக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூடேறி வெடித்துவிடும். உருகிய துத்தநாகம் பக்கத்தில் நிற்பவர்கள் மேல் தெறிக்கும்.

அன்று காலை சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒரு வெல்டிங் கடைக்காரர் லோரியில் பன்னிரண்டு கேட் கொண்டுவந்து இறக்கினார். மேலே இருந்த நாலைந்தைப் பார்த்தேன். துளைகள் சரியாக இருந்தன. ஒரே ஆள் செய்ததுதானே என்று பன்னிரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மதியம் அவர், முன்பு பூச்சுக்குக் கொடுத்திருந்த வேலிக்கம்பங்களை ஏற்றிப்போகத் திரும்பி வந்தார். பேச்சுவாக்கில், “தங்கச்சி, அந்த ஒரு கேட்டுக்குத் தொளை போட்டாச்சா?” என்றார்.

“எந்தக் கேட் அண்ணே?”

“கடைசி கேட் செய்யிறப்ப டிரில் பிட் உடைஞ்சு போச்சுலா. இங்க போட்டுக்குவாங்கன்னு அப்படியே ஏத்திட்டேன். சாக்பீஸ்ல குறி போட்டிருந்தேனே, பாக்கலையா?”

அடியில் கிடந்தவற்றை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குறியும் இதற்குள், பூச்சுக்கு முன் துருவைக் கழுவும் ஆசிட் தொட்டியில் அழிந்து போயிருக்கும். அலமாக்! ஓடினேன்.

கேட் வரிசை தொட்டிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டி ஓரத்தில் நின்று கிரேன் ஓட்டும் வங்காளதேச அண்ணன் சத்தம் கேட்காதபடி காதை மூடியிருந்தார். “பெர்ஹெந்தி! பெர்ஹெந்தி!” என்று, நிறுத்தச் சொல்லி மலாயில் கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. தூணிலிருந்த சிவப்பு அவசரப் பொத்தானை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தேன்.

கிரேன் ஒரு குலுக்கலோடு நின்றது. கேட்டுக்கும் துத்தநாகத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் நகர்த்தி இறக்கித் தேடினோம். ஒன்பதாவது கேட், நான்கு மூலையும் கச்சிதமாக அடைத்திருந்தது. அவ்வளவு நேர்த்தியான வெல்டிங்கைப் பார்த்து அதற்கு முன் நான் பயந்ததில்லை.

“யார் செக் பண்ணது?” என்று மேனேஜர் கேட்டார்.

“நான்தான் சார். மேல இருந்தத மட்டும்தான் பாத்தேன்.”

“காலையிலயே நான் சொல்லியிருக்கணும் சார், என் தப்பும் இருக்கு” என்று வெல்டிங் கடைக்காரர் குறுக்கே வந்தார்.

கிரேன் அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். தெரிந்த மலாயில், “அக்கா, ஊர்ல எனக்கு ரெண்டு பொண்ணு” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலமே அந்தக் கேட்டில் துளை போட்டு இறக்கினார்கள். வெல்டிங் கடைக்காரரும் போகாமல் நின்றார். புகை விலகி அது தகதகவென்று எழுந்து வந்தபோது அவர் கைதட்டிவிட்டார். நானும் தட்டினேன். தொட்டி ஓரத்தில் பார்த்தால் கிரேன் அண்ணன் சிரிக்கிறார்!

எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது; நியாயம்தான். இப்போதெல்லாம் லோரிக்காரர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒவ்வொரு குழாயையும் புரட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். என் கையெழுத்தை நம்பித்தான் ஒருவர் அந்தத் தொட்டியின் ஓரத்தில் நிற்கிறார் என்பது, அன்று ஓடிய அந்த ஓட்டத்தில்தான் எனக்கு உறைத்தது.