சக்கரம் வைத்த வீடும் ஒரு பலகையும்

போன வாரம் எங்கள் பாடி கட்டும் பட்டறைக்கு ஒரு புது ஆர்டர் வந்தது. வழக்கமாக பஸ், லாரிதான் வரும். இது சுற்றுலா வண்டி. உள்ளேயே படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வேண்டுமாம். வரைபடம் போடுவது என் வேலை. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பட்டியலில் பதினோரு சாமான்கள். ஏழாவது, ‘மண்ணெண்ணெய் ஸ்டவ், ஆடாமல் நிற்க வேண்டும்.’ அதைப் படித்ததும் மண்ணெண்ணெயும் கொதிக்கிற ரேடியேட்டரும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அந்த வாசனை எனக்குத் தெரிந்து ஜவ்வாது மலையில் மட்டும்தான் அடித்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவும் இதே தொழில்தான், பஸ்ஸுக்குத் தகரம் அடிப்பவர். ஒரு நாள் வேலூர்க் கோட்டை வெளியில் ஒரு வெள்ளைக்கார ஜோடி வண்டியை நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, துணியை வண்டிக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். அப்பா மூன்று நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த வண்டியையே சுற்றி வந்தார். நான்காம் நாள், அரசாங்கம் கழித்துக் கட்டி ஏலம் விட்ட ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

அம்மா அசரவில்லை. “இதுல இன்னா அதிசயம்? ஆடி மாசம் படவேட்டுத் திருவிழாவுக்கு எங்கப்பா கூண்டு வண்டியில இப்டித்தான் இட்டுகினு போவாரு. மேல தூக்கம், கீழ சமையல்.” யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது சரி. வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததில் புதிதாக இருந்தது எஞ்சின் மட்டும்தான்.

அப்பா நான்கு மாதம் உட்கார்ந்து வண்டியை வீடாக்கினார். மடக்குக் கட்டில் இரண்டு, தகர அலமாரி ஒன்று, பித்தளைக் குழாய் வைத்த தொட்டி ஒன்று, மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று. வெளியே ரோஸ் பெயிண்ட், ஒரே கோட்டிங். (அந்த ஒரே கோட்டிங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) வண்டியை வைத்துக்கொள்ள அம்மா மூன்று நிபந்தனை போட்டாள். “ஒண்ணு, அது மலை ஏறணும். ரெண்டு, அதுல நானு சமைக்கணும். மூணு, நாலு பேரும் சாப்ட்டு அதுலயே திரும்பி வரணும். ஒண்ணு கொறைஞ்சாலும் திங்கக்கெழமை வித்துடுங்க.” பட்டியல் போடும் புத்தி எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

நாலாவது ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. வேலை எதுவும் செய்யாமல் பேச மட்டும் வருவார். போளூர் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ரேடியேட்டர் புகைந்தது. “மச்சான், வண்டியே ஒல வெச்சிடுச்சி. அக்கா அரிசி போடறதுதான் பாக்கி.” அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தொட்டித் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு ஊற்றினார். ஏறிவிட்டோம். முதல் நிபந்தனை முடிந்தது. முதல் ஊர் கண்ணில் பட்ட சந்தோஷத்தில் அப்பா பின் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்.

சாமைக் கொல்லையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் ஒரே ஒருவரைத் தவிர கொல்லை காலி. மாமா கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். “நில்லுங்கப்பா! ஒண்ணும் பண்ண மாட்டோம்!” அதைக் கேட்டு, ஓடாமல் நின்ற ஒருவரும் ஓடிவிட்டார்.

அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. தள்ள ஆள் இல்லை, சமைக்கத் தண்ணீர் இல்லை. அம்மா குடத்தையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். அங்கே ஒரு பெண் இடுப்பில் கை வைத்து எங்களை அளந்தாள்.

“எத்தினி ஆம்பளைங்கள இட்டுகினு போவ வந்தீங்க?”

“யாரையும் இட்டுகினு போவ வர்ல. சோறாக்கிச் சாப்ட வந்தோம்.”

“சோறு துன்றதுக்கா மலையேறி வந்தீங்க? ஏன், ஒங்க வூட்ல அடுப்பு இல்லியா?”

“வூட்டத்தான் இட்டுகினு வந்திருக்கோம்.”

அவள் நம்பவில்லை. கூடவே வந்தாள். வெயிலில் வண்டியின் பக்கவாட்டைக் காட்டினாள். ரோஸ் பெயிண்டுக்கு அடியிலிருந்து சிவப்பு முக்கோணம் ஒன்று பளிச்சென்று எட்டிப் பார்த்தது. வண்டி முன்பு குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்கு ஓடியதாம். ஆபரேசன் வண்டி வருகிறது என்றால் ஊர் ஆண்கள் காட்டுக்குள் போய்விடுகிற காலம் அது. நான்கு மாதமாக அந்த வண்டியைத் தினமும் துடைத்த எங்களில் ஒருவர் கண்ணிலும், பெயிண்டையும் மீறி அது தெரிவது படவில்லை.

அவள் உள்ளே ஏறினாள். மெத்தையை அமுக்கினாள். குழாயைத் திருகினாள். அலமாரியைத் திறந்து ஊசி தேடினாள், சீரகம் இருந்தது. கடைசியாகக் கத்தியை எடுத்து அம்மா அரிய வைத்திருந்த கத்திரிக்காயோடு சேர்த்துப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்று புளியமரங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“வாங்கடா! கத்தி, கத்திரிக்கா அரியறதுக்குத்தான்!”

மரத்துக்குப் பின்னாலிருந்து சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் ஆட்கள். ஒரே தள்ளில் சக்கரம் மேலே வந்தது. அன்றைக்கு நாலு பேருக்கு ஆக்கிய சோற்றை, அவர்கள் கொண்டுவந்த சாமைச் சோற்றோடு சேர்த்துப் பதினோரு பேர் சாப்பிட்டோம். இடம் இல்லாமல் அந்தப் பெண் மட்டும் படியில் குந்தியபடி சாப்பிட்டாள்.

இறங்கும்போது அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், “திங்கக்கெழமை வித்துடவா?”

“மொதல்ல வாசலாண்ட ஒரு பலகை அடிங்க. வந்து பாக்கறவங்க குந்த வேணாமா?”

அப்பா அடித்தார். கீல் வைத்து வெளிப்பக்கம் மடங்கும் பலகை. அமிர்தி, படவேடு, மறுபடி ஜவ்வாது என்று எட்டு வருஷம் போனோம். வண்டி நின்ற இடத்திலெல்லாம் அதில் யாராவது உட்கார்ந்து எங்களை விசாரித்தார்கள்.

இப்போது மேஜைமேல் இருக்கிற பட்டியலில் கறுப்புக் கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்தாழ்ப்பாள் உண்டு. பலகை இல்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று அப்பா ஸ்டியரிங்கைக் கழற்றிக்கொண்டார், அம்மா ஸ்டவ்வை எடுத்துக்கொண்டாள், நான் பித்தளைக் குழாயை. மாமா ஹாரனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பலகை எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நாங்கள் யாரும் அதில் உட்கார்ந்ததே இல்லை.