பாறைமேல் ஒட்டிய நோட்டீஸ்

ஆற்றங்கரை மக்களுக்கு நோட்டீஸ் கொண்டுபோகும் குமாஸ்தா வேலை, கரையில் ஒரு தடவையும் ஆபீசில் ஒரு தடவையுமாகத் திட்டு வாங்கும் வேலை. மேலதிகாரிக்கும் பொதுமக்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளில், திருப்பூர்ப் பக்கம் நொய்யல் கரையைக் கவனிக்கும் ஒரு சின்ன ஆபீசில் இருந்தேன். பம்ப் ஹவுஸ் கட்ட எங்கள் இன்ஜினீயர் ஆற்றோரத்தில் ஓர் அகலமான பாறையைத் தேர்ந்தெடுத்தார். அதே பாறையில்தான் பதினோரு குடும்பங்கள் பனியன் துணியை வெளுத்துக் காயப்போட்டுப் பிழைத்தன. பாறை போனால் அவர்கள் பிழைப்பும் போயிற்று.

முதல் நோட்டீஸ்

பாறையைக் காலி செய்யச் சொல்லி நீல மையில் நானே எழுதி, பசை தடவிப் பாறையின் நடுவிலேயே ஒட்டிவிட்டு வந்தேன். எல்லோர் கண்ணிலும் படும் என்று நினைப்பு. ஈரத்துணியைப் பின்னோக்கி நடந்தபடி விரிப்பது அவர்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியாது. பின்னால் என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பழனியம்மாள் ஆபீசுக்கு வந்தார். அந்தக் கரையில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவர்தான். என் மேசைமேல் ஒரு துணியை விரித்தார். வெள்ளைப் பனியன் துணியில் என் கையெழுத்து இடம்வலம் மாறி ஒட்டியிருந்தது.

"எங்களைப் போகச் சொன்னது இருக்கட்டுங்க. மொதல்ல இந்த மையைப் போகச் சொல்லுங்க."

பன்னிரண்டு மணிக் கூட்டம்

அடுத்து, மக்கள் கருத்தைக் கேட்க ஆபீசில் கூட்டம் போட்டோம். நேரம் பகல் பன்னிரண்டு. நாற்காலி, தண்ணீர்ப் பானை எல்லாம் தயார். ஒருவரும் வரவில்லை. 'ஆட்சேபணை யாருக்கும் இல்லை' என்று எழுதச் சொன்னார் இன்ஜினீயர். எழுதினேன்.

சாயங்காலம் கரைக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஏற்கெனவே எழுதிவிட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"உச்சிவெயில்லதானுங்க துணியைப் புரட்டோணும். அந்நேரத்துக்குக் கூப்புட்டா, வரவேண்டாம்னு சொல்ற மாதிரிங்க" என்றார் பழனியம்மாள்.

மனு

அதனால் மனுவை நானே கரையில் உட்கார்ந்து எழுதினேன். உட்கார்ந்து என்பது பேச்சுக்கு. துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் மறுமுனையைப் பிழிந்தபடி சொல்லச் சொல்ல, நடுநடுவே எழுதினேன். மாற்றாக ஆபீஸ் காட்டியிருந்த இடம் பெருமாநல்லூர் போகும் வண்டிப்பாதை ஓரம். அங்கே வெள்ளைத்துணியைக் காயப்போட முடியாது என்பதுதான் மனுவின் சாரம். பதினோரு கைநாட்டு.

இன்ஜினீயர் மனுவைப் படித்தார். காகிதம் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏனப்பா, நீ நம்ம ஆபீசுல சம்பளம் வாங்கறியா, அவங்க கிட்டயா?"

வெள்ளைச் சட்டை

ஆனாலும் நேரில் பார்க்க வந்தார். அதற்காக அவரை இன்றும் மெச்சுகிறேன். சலவைச் சட்டையோடு வண்டிப்பாதை ஓரம் நின்று, "தாராளமான இடம். நல்ல வெயில். இதுல என்ன குறை?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்த பழனியம்மாள், பாதையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அனுப்பர்பாளையத்துப் பாத்திரம் ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக வந்தன. அவை கடந்துபோகும் வரை எங்களால் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது இன்ஜினீயரின் சட்டை செம்மண் நிறத்தில் இருந்தது. அவர் தட்டத் தட்ட அது இன்னும் அப்பிக்கொண்டது.

கூட வந்திருந்த கரைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. பழனியம்மாள் கையை நீட்டினார்.

"கழட்டிக் குடுங்க சாமி, வெளுத்துத் தாரனுங்க. எங்க காயப்போடறதுன்னு மட்டும் நீங்களே சொல்லிப்போடுங்க."

பம்ப் ஹவுஸ் பாறையிலிருந்து முந்நூறு அடி தள்ளி எழும்பியது. கோப்பில் அதற்குக் காரணம் 'தொழில்நுட்பம்' என்றுதான் இருக்கும், ஏனென்றால் மக்கள் சொல்லிக் கேட்டோம் என்று எழுத எங்கள் ஆபீசில் படிவம் கிடையாது.