அப்பா வளர்த்த வீப்பிங் வில்லோ

எங்கள் அப்பா தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த மைசூர் மைன்ஸ் லைன் வீடொன்றில் பிறந்தார். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த குடும்பம். சுரங்கத்தில் பம்பு வேலை பார்த்தார். அடியில் ஊறும் தண்ணீரை ஷிப்டு முழுக்க மேலே தள்ளுவதே அவர் பணி. சுரங்கம் மூடியதும் பெங்களூருக்கு ரயிலில் போய் செக்யூரிட்டி வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தார். பொறுமைசாலி, யாரையும் கடிந்து பேசாதவர் என்று இந்த நினைவு நாள் குறிப்பில் எழுதச் சொன்னார்கள் வீட்டில். எழுதிவிட்டேன். அந்த மரத்தைப் பற்றியும் எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

வேலையிலிருந்து நின்றதும், பழைய ஆபீசர் பங்களா ஒன்றிலிருந்து வீப்பிங் வில்லோ குச்சி ஒடித்து வந்தார். கிளைகள் தரைவரை தொங்கும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும் மரம். எங்கள் தெருவிலோ குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். பள்ளம் எதுவானாலும் சயனைடு மேட்டு மணலை அள்ளிக் கொட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். குச்சி நட்ட குழியிலும் அதையே கொட்டினார். தங்கம் பிரித்த மருந்து கலந்த மணல், குச்சி கருகியது. அத்தோடு விட்டாரா? அடுத்த குச்சியைக் குளியலறைச் சாக்கடையோரம் நட்டார். அது தழைத்தது, நாங்கள் திண்டாடினோம்.

துணி அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்கே. வேர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொண்டது.

“இன்னாங்க, மரத்துக்கும் நானே தண்ணி தூக்கணுமா? வெட்டிப் போடுங்க,” என்று அம்மா சத்தம் போடுவார்.

“பூமிக்குள்ள இருந்து தண்ணிய எறைச்சி எறைச்சி வெளிய கொட்டுனவன் நானு. ஒரு மரத்துக்குத் தண்ணி இல்லன்னா மானம் போயிடும்,” என்பார் அப்பா.

படுக்கையில் விழுந்த பிறகும் அதே கதைதான். பெங்களூரில் வேலை முடிந்து நான் ரயிலில் நின்றபடியே வந்து வீட்டுக்குள் நுழைந்தால், “மரத்துக்கு ஊத்துனியாம்மா?” என்பதே முதல் கேள்வி. “நீங்க மொதல்ல மாத்திரைய முழுங்குங்கப்பா,” என்பேன். எரிச்சலாக வரும். இன்றும் வருகிறது.

அப்பா காலமான அன்று வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்ததையெல்லாம் முந்தின நாளே மரத்துக்கு ஊற்றச் செய்திருந்தார். அவரைக் குளிப்பாட்ட ஸ்கெலட்டன் என்கிற பக்கத்துக் குடியிருப்பிலிருந்து சித்தப்பாவும், பக்கத்து வீட்டாரும் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். ஊற்றிய தண்ணீர் அடைத்த சாக்கடையில் இறங்காமல் மரத்தடியில் போய்த் தேங்கியது.

“பாரு, இப்பக்கூட அதுக்குத்தான் போவுது,” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு குழாய் சரிசெய்ய ஆள் வந்தார். மரத்தை எடுத்தால்தான் முடியும் என்றார். வெட்டு வெட்டு என்று சத்தம் போட்ட அதே அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாக்கடை இன்னும் அடைத்தபடியே இருக்கிறது. தண்ணீர் தூக்குவது நான்.

அன்று குடம் தூக்கிய ஒவ்வொரு கைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதலாண்டு நினைவு நாளான இன்று சாப்பிட்டு எழும் உறவினர்களும் நண்பர்களும் தயவுசெய்து மரத்தடியில் கை கழுவுங்கள். வேறெங்காவது கழுவினால் நான் திட்டுவேன்.